காக்கையும் தோட்டாவும்



சென்ற பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலுள்ள என் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர்கள் குடியிருப்பது செங்காங்கில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில். ஒரு காலத்தில் பால்மரமும் பன்றிப் பண்ணையும் காய்கறித் தோட்டமுமாக இருந்த வட்டாரம் அது. இன்று அங்கே ஓடும் சிறு ரயிலின் நிலையங்களில் ஒன்றுக்குப் ‘ஃபார்ம்வே’ என்று பெயர். இன்னொன்றுக்குத் ‘தங்கம்’ என்று பெயர். பண்ணையும் போயிற்று, பால்மரமும் போயிற்று, பெயர்கள் மட்டும் நிற்கின்றன.

நான் போன மறுநாள் எங்கள் தகப்பனாரின் திதி. அக்காள் படையல் போட்டுவிட்டு, ஒரு பிடி சோற்றை எடுத்துக்கொண்டு வாசல் நடைக்குப் போனார். அத்தான் பின்னாலேயே ஓடினார். “அம்மாடி, வேண்டாம். காக்காய்க்குச் சோறு வச்சா அபராதம் போடுவாங்க” என்றார். உண்மைதான். சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த வனவிலங்குச் சட்டப்படி, காட்டு உயிர்களுக்கும் பறவைகளுக்கும் தீனி போடுவது குற்றம். அக்காள் சோற்றுப் பிடியோடு அப்படியே நின்றார். எதிரே சாலையோரப் பெருங்கொன்றை மரத்தில் நாலைந்து காக்கைகள் உட்கார்ந்து எங்கள் நடையையே பார்த்துக்கொண்டிருந்தன. எங்கள் அப்பா நாற்பது வருடம் பால் வெட்டியவர். அவருக்கு ஒரு பிடி சோறு வைக்க வழியில்லையே என்று எனக்கு மனம் கஷ்டப்பட்டதை மறைக்கவில்லை.

“முன்னெல்லாம் இதுகளைச் சுட்டுக்கிட்டு இருந்தாங்க” என்றார் அத்தான். அந்தச் சொல்லில் இருந்துதான் இன்றைய பேச்சு பிறந்தது.

நேயர்களே, இந்தக் காக்கை இந்த மண்ணின் பறவை அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிந்து இருபதாம் நூற்றாண்டு பிறந்த காலத்தில், கிள்ளான் பகுதியின் காப்பித் தோட்டங்களில் கம்பளிப் புழு பெருகி இலைகளை மொட்டையடித்தது. புழுவைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து காக்கைகளைக் கப்பலில் கொண்டுவந்து விட்டார்கள். நம் பாட்டன் பூட்டன்மார் வந்த அதே கடல்வழி. அழைத்துவந்த காரணமும் அதே தோட்டந்தான். காப்பி நிலைக்கவில்லை, ரப்பர் வந்தது. காக்கை மட்டும் போகவில்லை. 1940களின் இறுதியில் அது சிங்கப்பூரிலும் காணப்பட்டது. 2000ஆம் ஆண்டை ஒட்டி அந்தச் சிறு தீவில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட காக்கைகள் இருந்தனவாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

அங்கே அரசாங்கம் என்ன செய்தது? சிங்கப்பூர் கன் கிளப் என்னும் துப்பாக்கிச் சங்கத்தின் பயிற்சி பெற்ற உறுப்பினர்களைக் கொண்டு காக்கைகளைச் சுடவைத்தது. 2020இல் அந்தச் சுடும் வேலை நிறுத்தப்பட்டது. வீடுகள் நெருங்கிவிட்ட ஊரில் அது இனி ஒத்துவராது. அத்தான் ஒருமுறை அதை நேரில் பார்த்திருக்கிறார். ஆட்களை எல்லாம் ஒதுக்கி நிறுத்திவிட்டுத்தான் சுட்டார்களாம்.

“எந்தத் துப்பாக்கி?” என்று கேட்டேன். அத்தான் சிரித்தார். “டீச்சருக்கு ஏன் இந்தக் கேள்வி?” என்றார்.

காரணம் இருந்தது. விடுமுறைக்கு முந்திய வாரம், ஆறாம் ஆண்டுப் பையன் ஒருவன் பித்தளைத் தோட்டாக் கூடு ஒன்றை என்னிடம் கொண்டுவந்து காட்டினான். செம்பனைக் காட்டில் வேட்டைக்காரர்கள் விட்டுப்போனதாம். அவனுடைய அண்ணன் இப்படிப் பலவற்றைப் பொறுக்கி வைத்திருக்கிறானாம். கைப்பேசியில் படம் பார்த்து, அவற்றில் மறுபடி மருந்து அடைக்கப் போகிறானாம். பையன் இதைப் பெருமையாகச் சொன்னான். எனக்கு வயிற்றைக் கலக்கிற்று. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தோட்டா என்பது நான்கு பொருள் சேர்ந்தது. பித்தளைக் கூடு ஒன்று. அதன் அடிப்பாகத்தில் அடித்தால் பொறி கக்கும் ‘கேப்’ ஒன்று. கூட்டுக்குள்ளே மருந்து. வாயில் குண்டு. துப்பாக்கியின் ஊசி கேப்பைத் தட்டுகிறது. கேப் மருந்தைக் கொளுத்துகிறது. மருந்து ஆவியாகி விரிந்து குண்டைத் தள்ளுகிறது. குண்டு போய்விடும். கூடு நம் கையில் மிஞ்சும். அந்தக் கூட்டில் புதுக் கேப்பும் மருந்தும் குண்டும் வைத்து மீண்டும் தோட்டாவாக்குவதே கையால் நிரப்பும் தொழில்.

இது பரவலாக உள்ளது அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில். அங்கே மேய்ச்சல் நிலங்களைக் குழி பறிக்கும் சிறு பிராணிகளையும், முயலையும், நரியையும் விவசாயிகள் தூரத்திலிருந்து சுடுவார்கள். இப்படிப்பட்ட தொல்லைப் பிராணிகளுக்கு ‘வார்மின்ட்’ என்று பொதுப்பெயர். ஆஸ்திரேலியாவுக்கு முயல் வந்த கதையும் நம் காக்கையின் கதை போன்றதுதான்: 1859இல் ஒரு பண்ணைக்காரர் வேட்டை விளையாட்டுக்கென்று இரண்டு டஜன் அளவில் கொண்டுவந்து விட்டார், சில பத்தாண்டுகளில் அவை கண்டத்தின் பெரும்பகுதியில் பரவின.

அந்தச் சின்னப் பிராணிகளுக்கென்றே சிறுவாய் ரைஃபிள்கள் உண்டாயின. எல்லாரும் அறிந்தது ‘பாயிண்ட் டூ டூ’, அதாவது வாய் விட்டம் ஓர் அங்குலத்தில் நூற்றில் இருபத்திரண்டு பங்கு. அதன் சாதாரணத் தோட்டாவான லாங் ரைஃபிள் 1887 முதல் இருக்கிறது. அதில் தனிக் கேப் கிடையாது. கூட்டின் விளிம்பிலேயே பொறிமருந்து பூசியிருக்கும். அடித்தால் விளிம்பு நசுங்கிவிடும். ஆகையால் அதை மறுபடி நிரப்புவதற்கில்லை. நிரப்பக்கூடியவை நடுவில் கேப் உள்ளவை. 1930இல் கடைக்கு வந்த ஹார்னெட், 1935இல் வந்த ஸ்விஃப்ட், 1950இல் வந்த 222 ரெமிங்டன் ஆகியவை இந்த வகை. வாய் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றே. மருந்தின் அளவும் வேகமுந்தான் வேறு. ஸ்விஃப்டின் குண்டு விநாடிக்கு 4,000 அடியைத் தாண்டும்.

அப்படியானால் எதைத் தெரிந்தெடுப்பது? விஷயம் தெரிந்த வேட்டைக்காரர் முதலில் துப்பாக்கியைப் பார்ப்பதில்லை. பிராணிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பார்க்கிறார். லாங் ரைஃபிள் தோட்டாவின் குண்டு இரண்டரை கிராம்தான். ஒரு சிறு பயறு போல் இருக்கும். ஆனால் அதன் பெட்டியில் ஒன்றரை மைல் தூரத்துக்கு ஆபத்து என்று எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். குறி தவறினால், அல்லது காக்கையின் இறகைக் கிழித்துக்கொண்டு போனால், அந்தக் குண்டு வெகுதூரம் போக முடியும். மேலும் மெதுவாகப் போகும் வெறும் ஈயக் குண்டு கல்லிலோ தண்ணீரிலோ பட்டால் உடைவதில்லை, துள்ளித் திசைமாறும். வேகமான வார்மின்ட் குண்டோ மெல்லிய செம்பு உறை போட்டது. மண்ணில் பட்டால் பெரும்பாலும் நொறுங்கிப் போகும். ஆகவே வலுக் குறைந்ததே ஆபத்துக் குறைந்தது என்று எண்ணிவிடக் கூடாது. ஆனால் ஒன்றிலும் படாமல் வானத்தை நோக்கிப் போனால் அந்த வேகக் குண்டு இன்னும் அதிக தூரம் போகும்.

அதனால்தான் காக்கை சுடும் வேலைக்கு ரைஃபிள் ஆகாது. ஷாட்கன்தான் வேண்டும், நாம் மலாயில் செனாப்பாங் பாத்தா என்கிறோமே, அது. அதன் பொடிச் சில்லுகள் கனமற்றவை. பறவைக்கான சின்னச் சில்லு சுமார் இருநூறு மீட்டருக்குள் வேகமிழந்து விழுந்துவிடும். மரத்தில் இருக்கும் காக்கையைச் சுட மேல்நோக்கித்தான் குறி பார்க்க வேண்டும். செங்காங்கில் அந்தப் பெருங்கொன்றைக்குப் பின்னால் என்ன இருக்கிறது? என் அக்காளின் சமையலறைச் சன்னல். இந்தக் கணக்கை அத்தானுக்குச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

இனி நிரப்பும் தொழிலுக்கு வருகிறேன். இதை நான் சொல்லிக் கொடுக்க வரவில்லை. உரிமம் உள்ள நாடுகளில் அதை எவ்வளவு ஜாக்கிரதையாகச் செய்கிறார்கள் என்று தெரிந்தால், கைப்பேசியில் மூன்று நிமிடத்தில் காட்டுவது எவ்வளவு அரைகுறை என்பது விளங்கும்.

அவர்கள் மருந்தை ‘கிரெயின்’ கணக்கில் நிறுப்பார்கள். ஒரு பவுண்டில் 7,000 கிரெயின். ஒரு கிரெயின் என்பது ஏறக்குறைய மூன்று அரிசி மணியின் எடை. பெரிய மான் வேட்டைத் தோட்டாவில் ஐம்பது கிரெயின் மருந்து பிடிக்கும். அதில் ஒரு கிரெயின் பிசகினால் நூற்றுக்கு இரண்டு பங்குப் பிசகு. ஹார்னெட் போன்ற சின்னக் கூட்டில் பத்து, பதினொரு கிரெயின்தான். அதே மூன்று அரிசி மணி அங்கே நூற்றுக்கு ஒன்பது பங்காகிவிடும். அமுக்கமோ அந்த விகிதத்திலும் வேகமாக ஏறும். சின்னத் துப்பாக்கி என்றால் சின்னக் கவனம் போதும் என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

அமுக்கம் என்றேனே, அது எவ்வளவு? லாரிச் சக்கரத்தில் சதுர அங்குலத்துக்கு நூறு பவுண்டு அளவில் காற்று அடிக்கிறார்கள். அது வெடித்தால் பக்கத்தில் நிற்பவர் கதி நமக்குத் தெரியும். ஷாட்கன் தோட்டா வெடிக்கும்போது குழாய்க்குள் சுமார் 11,000 பவுண்டு. இன்றைய சிறுவாய் ரைஃபிளான 223இல் 55,000 பவுண்டு. இதைத் தாங்குவதற்கென்றே பதம் பார்த்துச் செய்த எஃகு இருக்கிறது. தண்ணீர்க் குழாய் அந்த எஃகு அன்று.

மருந்திலும் பல ஜாதி உண்டு. பழைய கரிமருந்து வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்தது. 1884இல் பிரான்சில் புகையில்லா மருந்து வந்தது. அதன் வலு பல மடங்கு. இன்று அதிலேயே வேகமாக எரிவது, மெதுவாக எரிவது என்று எத்தனையோ வகை. கண்ணுக்குப் பலவும் ஒன்றுபோலவே தோன்றும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டால் துப்பாக்கி வெடிகுண்டாகிவிடும். ஆகையால் அனுபவசாலி மேசைமேல் ஒரு சமயத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாவைத்தான் வைப்பார். மருந்து செய்த கம்பெனி அச்சிட்ட அட்டவணையைத் திறந்து வைத்துக்கொள்வார். உச்ச அளவுக்குப் பத்தில் ஒரு பங்கு குறைத்து ஆரம்பிப்பார். கூட்டின் கழுத்தில் கீறல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார், ஏனென்றால் பித்தளை அடிபட அடிபட முறுகிப் பிளக்கும். சுட்ட பிறகு கேப் தட்டையாகிவிட்டதா, கூடு வெளியே வரச் சிரமப்படுகிறதா என்று கவனிப்பார். இரண்டும் அமுக்கம் மிஞ்சியதற்கு அடையாளம். பேச்சுக் கொடுத்தால் வேலையை நிறுத்திவிடுவார். பேசிக்கொண்டே ஒரே கூட்டில் இரண்டு முறை மருந்து போட்டுவிட்டவர்கள் உண்டு.

இத்தனையும் செய்கிறவர் உரிமம் உள்ளவர், தராசு உள்ளவர், அட்டவணை உள்ளவர்.

எங்கள் மாமாவிடம் இவற்றில் ஒன்றும் இல்லை. அம்மாவின் தம்பி அவர். தோட்டத்தில் இரவுக் காவல் பார்த்தார். எனக்கு ஒன்பது வயது. லயத்துக்குப் பின்னால் எங்கள் மரவள்ளிக் கொல்லையைக் காட்டுப்பன்றி கிளறிப் போட்டுவிடும். விடிந்து பார்த்தால் பள்ளமாக இருக்கும். மாமா யாரோ கொடுத்த ஒரு கள்ளத் துப்பாக்கியை வைத்திருந்தார். தோட்டா வாங்க வழியில்லை. வெற்றுக் கூடுகளைப் பொறுக்கி, பட்டாசு மருந்தைச் சேர்த்து, அம்மாவின் அடுப்பிலேயே ஈயத்தை உருக்கி அவரே நிரப்பினார். நாங்கள் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தோம். யாரும் எங்களை விரட்டவில்லை. விரட்ட வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு முறை சரியாகச் சுட்டது. பன்றிக்கறி லயத்து வீடுகளுக்கெல்லாம் போயிற்று. மூன்றாம் முறை துப்பாக்கியின் பின்பக்கம் பிளந்து, மாமாவின் வலக் கண்ணும் இரண்டு விரலும் போயின. ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும் என்று பயந்து, விடியும் வரை மஞ்சள் வைத்துக் கட்டி வீட்டிலேயே கிடத்தியிருந்தார்கள். அந்த இரவு முழுவதும் அவர் எழுப்பிய சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. கண்ணைக் காப்பாற்றியிருக்க முடியுமோ முடியாதோ, அந்த மணிநேரங்களும் போய்விட்டன.

ஈயத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அது 327 பாகை வெப்பத்திலேயே உருகிவிடும். சமையல் அடுப்பு போதும். உருக்கும்போது எழும் தூசும் புகையும் சட்டியிலும் சுவரிலும் படிந்து, பிள்ளைகளின் கைவழியே வாய்க்குப் போகும். குழந்தையின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும். இவ்வளவு போனால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து. வேட்டைக் கறியிலும் இதே கவலை உண்டு. உரிமம் உள்ள வேட்டைக்காரர் பங்கு கொடுத்தாலும், குண்டு பட்ட இடத்தைச் சுற்றி ஒரு கையகலத்துக்கு மேல் வெட்டி எறிந்துவிடுங்கள். வேகக் குண்டு உள்ளே பொடிப்பொடியாகச் சிதறும். அந்தப் பொடி கண்ணுக்குத் தெரியாது, பல்லுக்கும் தட்டுப்படாது. பிள்ளைத்தாய்ச்சிக்கும் குழந்தைகளுக்கும் அந்தப் பங்கைக் கொடுக்கவே வேண்டாம்.

சட்டமும் கடுமையானது. சிங்கப்பூரின் 1973ஆம் ஆண்டு ஆயுதக் குற்றச் சட்டப்படி, உரிமமில்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் ஐந்து முதல் பத்து ஆண்டுச் சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும். மலேசியாவில் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கள்ளத் துப்பாக்கிக்குப் பதினான்கு ஆண்டு வரை போகலாம், பிரம்படியும் உண்டு. காட்டுப்பன்றியைச் சுடவும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி தனி உரிமம் வேண்டும்.

சரி, பன்றியும் எலியும் காக்கையும் தொல்லை செய்கின்றனவே, நாம் என்ன செய்வது என்று கேட்பீர்கள். எலிக்குச் செம்பனைத் தோட்டங்களிலேயே விடை இருக்கிறது. கம்பத்தின்மேல் பெட்டி வைத்துக் கூகையைக் குடிவைத்திருக்கிறார்கள் அல்லவா? ஒரு கூகைக் குடும்பம் ஆண்டுக்கு ஆயிரம் எலிக்குமேல் பிடிக்கிறது. அபசகுனம் என்று அதன்மேல் கல்லெறியும் பிள்ளைகளை நானே வகுப்பில் கண்டித்திருக்கிறேன். பன்றிக்குத் தகரவேலியும் வலைக்கம்பியும் உண்டு. செலவுதான், இல்லை என்று சொல்லவில்லை. கிழங்குக் கொல்லையை நாலு வீட்டார் சேர்ந்து ஒரே வேலிக்குள் போட்டால் செலவு பங்காகும். காக்கைக்கு? சிங்கப்பூரில் ஆராய்ந்தவர்கள், அது அடர்ந்த மரத்தில், குப்பைத் தொட்டிக்கும் உணவங்காடிக்கும் பக்கத்தில் பார்த்துக் கூடு கட்டுவதைக் கண்டார்கள். இரை குறையாமல் சுட்டு மட்டும் தீர்க்க முடியாது என்றும் சொன்னார்கள். இன்று அங்கே கூட்டைக் கலைப்பதும் குப்பைத் தொட்டிக்கு மூடி போடுவதும் முக்கிய வேலை. நம் லயத்துக் குப்பைக்குழிக்கு எத்தனை தோட்டங்களில் மூடி இருக்கிறது?

அக்காள் அன்று என்ன செய்தார் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். சோற்றுப் பிடியை அப்பாவின் படத்துக்கு முன்பாகவே வாழை இலையில் வைத்தார். காக்கைகள் சற்று நேரம் கத்திவிட்டுப் போய்விட்டன. மாலையில் அந்தச் சோற்றைத் தயிர் விட்டுப் பிசைந்து எங்கள் மூவருக்கும் உருட்டிக் கொடுத்தார்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அந்தப் பையனின் வீட்டுக்குப் போனேன். அண்ணன்காரன் முதலில் முறைத்தான். நான் சட்டத்தைச் சொல்லவில்லை. மாமாவைப் பற்றிச் சொன்னேன். தகப்பனார் உள்ளே போய் ஒரு மைலோ டின்னைக் கொண்டுவந்து தரையில் கவிழ்த்தார். பதினொரு கூடுகள். அவற்றில் ஒன்று வெற்றுக் கூடு அன்று; கேப்பில் ஊசிக்குழி விழாத முழுத் தோட்டா. அதை அந்தப் பையன் சுத்தியலால் தட்டிப் பார்க்க இருந்தானாம். துப்பாக்கிக்கு வெளியே வெடித்தால் குண்டு அவ்வளவு தூரம் போகாது. ஆனால் பித்தளை கிழிந்து சிதறும், கண்ணுக்குத்தான் முதல் ஆபத்து. இப்படிக் கிடப்பதைப் பிள்ளைகள் கண்டால் தொடாமல் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். பெரியவர்கள் போலீசுக்குச் சொல்ல வேண்டும். அடுப்பிலோ குப்பைத் தீயிலோ போடக் கூடாது.

டின்னுக்குக் கைவைக்காமல் போலீஸ் நிலையத்துக்குச் சொல்லி அனுப்பினோம். வந்த காவலர்கள் எடுத்துப் போனார்கள். பன்னிரண்டாவது கூடு என் மேசை இழுப்பறையில் இருந்தது. மறுநாள் காலையில் பள்ளிக்கு வந்து அதையும் வாங்கிக்கொண்டார்கள்.